ஆமை நினைக்கிறது... அம்மா தூக்குகிறாள்!

காலை ஏழரை மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்கும், சகோதரி?

ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் சீப்பு. 'சாக்ஸ் எங்கேம்மா?' என்று உள்ளேயிருந்து ஒரு குரல். தேடி எடுத்து, காலில் மாட்டியும் விட்டு, வாயில் ஒரு விள்ளல் ஊட்டி, புத்தகப் பையை நாமே தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடி, வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், பூஜையறையில் ஏற்றிவைத்த விளக்கு மலையேறியிருக்கும். 'ரெண்டு நிமிஷம் நிம்மதியாக சுவாமி கும்பிட முடிகிறதா?' என்று அலுத்துக்கொள்வோம். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்... அந்த அலுப்புக்குள் ஒரு பெருமையும் இருக்கிறதுதானே? 'நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது' என்கிற பெருமை!

எனக்கும் அது நிறையவே இருந்தது. சென்ற ஆண்டு பித்தப்பை ஆபரேஷனுக்காக மருத்துவமனையில் சேரும் வரைக்கும்.

மூன்று நாளில் வீடு திரும்பலாம் என்றார்கள். நடுவில் காய்ச்சல் வந்து, பதினோரு நாள் ஆகிவிட்டது. என் மகனுக்கு அப்போது பத்து வயது. நான் வீட்டுக்கு வந்த அன்று இரவு, பக்கத்தில் படுத்துக்கொண்டு ரகசியம் போலச் சொன்னான். 'அம்மா, நீ இல்லாதப்போ மூணு நாள் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மூடி இறுக்கமா இருந்துச்சு.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'மிஸ்கிட்டே கேட்டிருக்கலாமே கண்ணா? பக்கத்துப் பையனிடம் கொடுத்தால் திறந்து தரமாட்டானா?' என்றேன். 'எப்படிக் கேக்கறதுன்னு தெரியலைம்மா' என்றான்.

நான் தினமும் அந்த மூடியைத் தளர்த்தித்தான் வைப்பேன், அவன் கஷ்டப்படக் கூடாது என்று. அவன் அப்பாவுக்கு அது தெரியாது. குழம்பு கொட்டிவிடப் போகிறதே என்று நன்றாக இறுக்கி மூடி அனுப்பியிருக்கிறார். பிள்ளை மூன்று நாள் பட்டினி! அன்று இரவு தையல் வலியைவிட அந்த மூடிதான் எனக்கு அதிகம் வலித்தது.

குணமானால் திருக்கழுக்குன்றம் மலையேறி வருகிறேன் என்று மருத்துவமனைக் கட்டிலில் வேண்டிக்கொண்டிருந்தேன். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மகனையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 15 கி.மீ. தூரம்தான்.

வேதங்களே மலையாக நிற்பதாக ஐதீகம் உள்ள ஊர். மலை மேல் வேதகிரீஸ்வரர். கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி அம்மன். நால்வர் பெருமக்களும் பாடிப் பரவிய தலம். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும் காட்சியை என் அம்மா தன் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். இப்போது கழுகுகள் வருவதில்லை. பெயரில் மட்டும் பறந்துகொண்டிருக்கின்றன.

முதலில் தாழக்கோயில். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள், மகனைப் பார்த்துப் பிரியமாக, 'உன் பேர், நட்சத்திரம் சொல்லு, குழந்தே' என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வழக்கம்போலக் கடகடவென்று ஒப்பித்தேன். பின்னால் நின்ற பாட்டி ஒருத்தி, தலையில் முக்காடு போட்டிருந்தாள், சும்மா இருக்கவில்லை.

'ஏம்மா, புள்ளைக்கு வாய் இல்லையா?'

'கூச்சப்படுவான் பாட்டி' என்றேன்.

'சாமிகிட்டகூடவா கூச்சம்? அவன் பேரை அவன் சொல்லட்டுமே. நாளைக்கு நீ இல்லேன்னா சாமி அவனை எப்படி அடையாளம் கண்டுக்கும்?'

பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தப் பதினோரு நாளும் ஞாபகத்துக்கு வந்து தொண்டையை அடைத்தது.

கோயிலை விட்டு வந்து சங்கு தீர்த்தக் கரையில் உட்கார்ந்தோம். இந்தக் குளத்தின் மகிமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை இதில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். 2011-ஆம் ஆண்டும், பிறகு 2024 மார்ச்சிலும் சங்கு வெளிப்பட்டபோது ஊரே திரண்டு குளக்கரைக்கு ஓடியது. இப்படிக் கிடைக்கும் சங்குகளைக் கோயிலில் பத்திரப்படுத்தி வைத்து, கார்த்திகை மாதக் கடைசி சோமவாரத்தில் 1008 சங்காபிஷேகத்துக்கு எடுக்கிறார்கள்.

முதல் சங்கு யாருக்காக வந்தது தெரியுமா? ஒரு பையனுக்காக!

மிருகண்டு முனிவர், மருத்துவதி தம்பதியின் கதையை நாம் எல்லோரும் பாட்டி மடியில் கேட்டவர்கள்தான். மந்தபுத்தியுள்ள பிள்ளை நூறாண்டு வாழ வேண்டுமா, ஞானமுள்ள பிள்ளை 16 வயது மட்டும் வாழ்ந்தால் போதுமா என்று சிவபெருமான் கேட்க, பெற்றவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இதுவரைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்து எமன், பாசக்கயிறு, திருக்கடவூர் என்று தாவிவிடுவோம். நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத்தான் பெற்ற வயிறுகள் நின்று கேட்க வேண்டும்.

வயது நெருங்க நெருங்க, தாயும் தகப்பனும் மறைவில் அழுகிறார்கள். மார்க்கண்டேயன் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறான். நாமாக இருந்தால் 'ஒண்ணுமில்லை கண்ணா, வெங்காயம் நறுக்கினேன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் சொல்லிவிட்டார்கள். உனக்கு இவ்வளவுதான் நாள் என்று, பெற்ற வாயால், உள்ளதை உள்ளபடி. கேட்ட பிள்ளை அவர்களைத் தேற்றி, விடைபெற்றுக்கொண்டு, தன்னந்தனியாகத் தலம் தலமாக சிவபூஜைக்குக் கிளம்புகிறான். அம்மா பின்னாலேயே சோற்றுமூட்டை கட்டிக்கொண்டு போனதாகக் கதையில் இல்லை. எமன் வந்தபோதும் அவன் கூப்பிட்டது அம்மாவை அல்ல, லிங்கத்தைத்தான் கட்டிக்கொண்டான்.

அப்படி வரும் வழியில் இந்தத் தலத்துக்கு வந்து, அபிஷேகம் செய்யலாம் என்று பார்த்தால் பாத்திரம் இல்லை. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. என்ன செய்வேன் என்று அந்தப் பிள்ளையே ஈசனிடம் கேட்டான். குளத்திலிருந்து ஓங்கார நாதத்தோடு சங்கு மிதந்து வந்தது என்கிறது ஸ்தல புராணம். என் பிள்ளைக்கு ஒரு மூடியைத் திறந்து தரும்படி பக்கத்து பெஞ்சுப் பையனிடம் கேட்கத் தெரியவில்லை.

பிறகு மலையேறினோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நல்ல அகலமான படிகள்தான். ஆனாலும் ஆபரேஷன் ஆன உடம்பு. கால்வாசி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மகன் என் கையை உருவிக்கொண்டு முன்னால் ஓடினான். 'விழுந்துடப் போறேடா' என்று கத்தக்கூடத் தெம்பில்லை. இருபது படி மேலே போய் நின்று, திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, 'வாம்மா, மெதுவா வா' என்றான்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். கல்லூரியில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி... ஆண்பாலானால் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலானால் கழங்கு, அம்மானை, ஊசல் என்று முடிப்பார்கள். இது நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். முருகனையும் மீனாட்சியையும் இந்தப் பருவங்களில் வைத்துக் கொஞ்சாத புலவர்கள் இல்லை. அன்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வரிசையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

முதல் பருவத்தில் 'தெய்வங்களே, குழந்தையைக் காப்பாற்றுங்கள்' என்று வேண்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. குழந்தை சும்மா படுத்துக் கிடக்கிறது. பிறகு தலையைத் தூக்கி ஆடுகிறது, தாலாட்டுக்குத் தூங்குகிறது, கை தட்டுகிறது, முத்தம் தருகிறது. ஆறாவதாக வருவது வாரானை. ஓராண்டு நிறைந்து, தளர்நடை போடும் வயது. அங்கே தாய் என்ன செய்கிறாள்? நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு 'வா' என்கிறாள்! அதுவரை நெருங்கி நெருங்கி வந்தவள், முதன்முறையாகப் பின்னால் நகர்கிறாள். அவள் நகர்ந்தால்தான் குழந்தை நடக்கும். கடைசிப் பருவத்தில் பிள்ளை தெருவில் தன் தேரைத் தானே உருட்டிக்கொண்டு போகிறது. ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் பத்துப் பருவமும் முடிந்துவிடும். நம் வீடுகளில் பத்து வயதிலும் தால் பருவம் தாண்டவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் செங்கீரைதான்! கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். 'வருகிறவள் பார்த்துக்கொள்வாள்' என்கிறாள் அந்த அம்மா. வருகிறவளும் ஒருத்தி பெற்ற பெண்தானே?

வேதகிரீஸ்வரர் சந்நிதியில், குருக்கள் கேட்பதற்கு முன்னாலேயே மகன் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னான். குரல் கொஞ்சம் நடுங்கியது. கோத்திரம் மறந்துவிட்டது. என் வாய் துறுதுறுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். 'சிவ கோத்திரம்னு சொல்லிக்கலாம்' என்று அவரே முடித்துவைத்தார்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு மறுபடியும் 15 கி.மீ. போல. கடல்மல்லை ஸ்தலசயனப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பின்புறம் உள்ள அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வந்தோம். பல்லவச் சிற்பிகளின் கைவண்ணத்தைப் பார்க்க உலகமே வருகிறது. நாம் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க வேண்டும். பெரிய யானையின் கால்களுக்கு நடுவே குட்டி யானைகள் விளையாடுவதையும், ஒற்றைக் காலில் நின்று பொய்த் தவம் செய்யும் பூனையைச் சுற்றி ஏமாளி எலிகள் கூடியிருப்பதையும் காட்டினால், எந்தக் குழந்தையும் சிரிக்கும். அருகிலேயே தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் உண்டு. தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்க, அப்பாக் குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது!

பூனையையும் குரங்கையும் ஒரே இடத்தில் பார்த்தால் வைணவப் பெரியவர்கள் சொன்ன இரண்டு நியாயங்கள் நினைவுக்கு வராமல் போகுமா? குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாயே கவ்விக்கொண்டு போகும். அது மார்ஜார நியாயம். பகவானை நாம் பற்ற வேண்டுமா, அவனே நம்மைத் தூக்கிக்கொள்வானா என்று விளக்க வந்த உவமைகள் இவை. ஜீவனுக்கும் பரமாத்மாவுக்கும் சொன்னதை நாம் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெருமாளிடம் செய்ய வேண்டிய சரணாகதியைப் பிள்ளைகள் நம்மிடம் செய்யும்படி வைத்துவிடுகிறோம். அவன் என்றும் இருப்பவன், கவ்விக்கொண்டே இருக்கலாம். நாம் பதினோரு நாள் படுத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். நிஜப் பூனைகூட, குட்டிக்குக் கண் திறந்து கால் ஊன்றும் வரைதான் கவ்வுகிறது!

சாயங்காலம் திருவிடந்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை நெருங்கும்போது வரும் திவ்யதேசம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தது. கல்யாணமாக வேண்டியவர்கள் மாலை சாத்தி, ஒரு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வருவதும், திருமணமான பிறகு அந்தப் பழைய மாலையோடு தம்பதியாக வந்து சேவிப்பதும் எல்லோரும் அறிந்த பிரார்த்தனை. அன்றும் ஏழெட்டுப் பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலவ ரிஷிக்கு 360 பெண்கள். தாய் முக்தியடைந்துவிட்டாள். இத்தனை பெண்களையும் எப்படிக் கரையேற்றப் போகிறோம் என்று ரிஷி பெருமாளைப் பிரார்த்திக்கிறார். பெருமாள் பிரம்மசாரி வேடத்தில் வருகிறார். 360 பேரையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ள அவருக்கு முடியாதா என்ன? ஆனால் நாளுக்கு ஒரு பெண்ணாக, 360 நாளும் தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அதனால் நித்யகல்யாணப் பெருமாள். கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கி, அகிலவல்லி நாச்சியார் என்று பெயரிட்டுத் தன் இடப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திரு இடப்பக்கம் இருக்கும் எந்தை, திருவிடவெந்தை. மூலவர் ஆதிவராகராக சேவை சாதிக்கிறார்.

இதைத் திருமணத் தடை நீங்கும் கதையாகத்தான் நாம் சொல்கிறோம். நான் அன்று அந்த அப்பாவைத்தான் நினைத்தேன். தினம் ஒரு பெண்ணின் கையை விட வேண்டும். முதல் நாள் எவ்வளவு அழுதிருப்பார்! நூறாவது நாள் கொஞ்சம் பழகியிருக்கும். பெருமாள் ஏன் ஒரே நாளில் முடிக்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். பெற்றவருக்கும் விடப் பழக நாள் வேண்டும். (ஸ்தல புராணத்தில் இப்படி இல்லை, பட்டாச்சாரியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.) நாமும் பதினெட்டு வயது வரைக்கும் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, பிறகு ஒரே நாளில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் குமுறி அழுகிறோமே... இன்று தலைவாருவது, அடுத்த வாரம் படுக்கையை மடிப்பது, பிறகு கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவது என்று நாளுக்கு ஒன்றாக விட்டால், பிள்ளைக்கும் கஷ்டமில்லை, நமக்கும் நெஞ்சு வெடிக்காது. மகன், மகள் இருவருக்கும்தான் சொல்கிறேன். ரசம் வைக்கத் தெரிந்த பையனுக்கு எந்த ஊரிலும் பசிக்காது.

திருவிடந்தையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். பொழுது சாயும் நேரம் மணலில் இறங்கினோம். வேலி கட்டிய ஒரு சின்ன இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டம். ஆமை முட்டைப் பொரிப்பகம்! இந்தக் கரைக்கு ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பெயரிலேயே பங்குனி இருக்கிறது பாருங்கள். ராத்திரியில் கரையேறி, குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். நாயும் மனிதரும் எடுத்துவிடாமல் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் அந்த முட்டைகளை எடுத்துவந்து இப்படி வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

பெரியவர்கள் தீட்சைக்குச் சொல்லும் மூன்று தாய்கள் உண்டு. மீன் தன் முட்டைகளைப் பார்த்தே பொரிக்குமாம். அது நயன தீட்சை. பறவை சிறகால் தொட்டு அடைகாக்கும். அது ஸ்பரிச தீட்சை. ஆமை எங்கோ நடுக்கடலில் இருந்துகொண்டு, கரையில் உள்ள முட்டைகளை நினைத்தே பொரிக்குமாம். அது மானச தீட்சை. முட்டை பொரிவது மணலின் சூட்டால்தான், அந்தச் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்று விஞ்ஞானம் சொல்கிறது. சொல்லட்டும். சீடனைக் கண்ணில் வைத்தும் கையில் வைத்தும் காக்கும் குருவுக்கு ஒரு காலம் உண்டு. மனசில் மட்டும் வைத்துக் காக்கும் காலமும் உண்டு என்பதற்குத்தான் பெரியவர்கள் ஆமையைக் காட்டினார்கள்.

கூடையில் கொண்டுவந்த குஞ்சுகளை, அலைக்கு நாலைந்து அடி முன்னாலேயே ஈர மணலில் விட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்று குப்புற விழுந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. என் மகன் எடுத்துத் தண்ணீரில் விடக் குனிந்தான். 'தம்பி, தொடாதே. அது தானா நடக்கணும்' என்றார் அங்கிருந்த இளைஞர். இந்த மணலில் தானே நடந்து போனால்தான் இந்தக் கரை அதன் ஞாபகத்தில் பதியும், பல வருஷம் கழித்துப் பெண் ஆமை முட்டையிட இந்தப் பக்கமே திரும்பி வரும் என்று விளக்கினார்.

நான் கேட்டேன். 'கடலுக்குள்ளே எத்தனை பிழைக்கும்?'

'ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க மேடம்.'

2025 ஜனவரியில் இந்தச் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் வலையில் சிக்கி, மூச்சுத் திணறி, செத்து ஒதுங்கிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தெரிந்துதான் விடுகிறார்கள். 'காலம் கெட்டுக்கிடக்கிறதே, வெளியே எப்படி அனுப்புவது?' என்று நாம் கேட்கும் கேள்விக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆபத்து என்றால் தூக்கத்தான் வேண்டும். நாய் வாயிலிருந்து முட்டையை இவர்கள் தூக்கவில்லையா? கடலுக்குள் மூழ்கிய பூமியை வராகர் தூக்கவில்லையா? தூக்கியவர் அவளை அவள் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். கூடையில் காத்தவர்களும் அலைக்கு நாலடி முன்னால் கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

விழுந்த குஞ்சு எப்படியோ புரண்டு, நிமிர்ந்தது. சாலை விளக்கைப் பார்த்து இரண்டடி தப்பாகக்கூட நடந்தது. பிறகு திரும்பி, ஒரு அலை வந்து போனதும் காணவில்லை. மகன் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். 'அது இப்ப அம்மாகிட்டே போகுமா?' என்றான். 'போகாது கண்ணா. ஆனா அம்மா நினைச்சுக்கிட்டு இருப்பா' என்றேன்.

திங்கட்கிழமை காலை தயிர்சாதம் கட்டினேன். டிபன் பாக்ஸை நன்றாக இறுக்கி மூடினேன். வேனுக்கு அவன் தனியாகப் போனான். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். அன்று பூஜையறையில் விளக்கு மலையேறவில்லை. ஆனால் என்ன சுலோகம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பகல் பன்னிரண்டே கால் மணியிலிருந்து மனசெல்லாம் அந்த மூடிதான்.

நாலரை மணிக்கு வந்தான். பாக்ஸ் காலி. ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு.

'மேஜை மேலே தட்டித் திறந்தேன்மா. பக்கத்துப் பையன் பாக்ஸும் திறக்கலை. அதையும் நான்தான் திறந்து கொடுத்தேன்' என்றான்.